தொலைநோக்கிக்கு எந்தக் கேமரா?

(வன்னியம்பட்டியில் நடைபெற்ற அறிவியல் ஆசிரியர்கள் கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், பள்ளியில் ஒரு தொலைநோக்கி இருக்கிறது. அதில் மாட்டிப் படம் எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்?" என்று நம் ஆசிரியர்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். கேமராவின் பெயரையும் விலையையும் சொல்லி இரண்டு நிமிடத்தில் பேச்சை முடித்துவிடலாம். ஆனால் அந்தக் கேமரா நம் வகுப்புக்கு என்ன வேலை செய்யப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யாவிட்டால், வாங்கிய பொருள் பீரோவில்தான் இருக்கும். நானும் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். அதனால் நடந்ததை முதலில் சொல்கிறேன்.

2024 பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். வடகிழக்குப் பருவமழை மேகமெல்லாம் விலகி, வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மாலையில் தலைக்கு மேலே அரை நிலவும் அதன் பக்கத்திலேயே வியாழனும் தெரிந்தன. தலைமை ஆசிரியரின் அனுமதியோடு, பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லி, பெற்றோர்கள் அழைத்து வரும் குழந்தைகளுக்கு மட்டும் வான்நோக்கு நிகழ்ச்சி என்று அறிவித்தோம். வந்தவர்கள் எண்பது பேருக்கு மேல். எங்களிடம் இருப்பது 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. ஆடியின் விட்டம் 150 மி.மீ., குவியத் தொலைவு 1200 மி.மீ. அதில் மோட்டார் கிடையாது, கையால்தான் தள்ள வேண்டும்.

10 மி.மீ. கண்ணருகு லென்ஸ் போட்டு வியாழனை நடுவில் வைத்தேன். பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். "தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியுது சார்." அடுத்தவர், "தெரியுது சார்." இப்படியே பத்துப் பேருக்கு மேல் போய்விட்டார்கள். பிறகு ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே சார், கருப்பாத்தான் இருக்கு" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "ஒழுங்கா பாரு" என்று ஒரு குரல் வந்தது. நான் குனிந்து பார்த்தேன். உள்ளே வியாழன் இல்லை. எப்போதோ நகர்ந்து போயிருந்தது.

கணக்கு எளிதுதான். வானம் ஒரு மணி நேரத்தில் 15 பாகை நகர்கிறது. அதாவது 4 நிமிடத்துக்கு 1 பாகை. 120 மடங்கு உருப்பெருக்கத்தில் நமக்குத் தெரியும் வானம் அரைப் பாகைகூட இல்லை. நடுவில் வைத்த கோள் ஒரு நிமிடத்துக்குள் விளிம்பைத் தாண்டிவிடும். இது எனக்குத் தெரியும். ஆனாலும் வரிசையை நகர்த்தும் அவசரத்தில் மறந்துவிட்டேன்.

என்னை உறுத்தியது அந்த மறதி அல்ல. வெறும் இருட்டைப் பார்த்த பிள்ளைகள் "தெரியுது சார்" என்று சொன்னதுதான். முன்னால் நின்றவர் சொன்னார், அதனால் நானும் சொல்கிறேன். சார் எதிர்பார்க்கிறார், அதனால் சொல்கிறேன். அறிவியல் வகுப்பில் நாம் கற்றுத்தரக் கூடாத ஒன்றை, அறிவியல் நிகழ்ச்சி நடத்தியே கற்றுத்தந்துவிட்டோமோ என்று தோன்றியது. உண்மையைச் சொன்ன ஒரே பிள்ளையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

அன்று இன்னொன்றும் நடந்தது. காலில் காலிப்பர் போட்டிருக்கும் மாணவர் ஒருவர் முக்காலி மீது ஏற முடியாமல், "பரவாயில்லை சார், நிலா இங்கிருந்தே தெரியுது" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான் எனக்குக் கேமரா தேவைப்பட்டது. அழகான படம் வேண்டும் என்பதற்காக அல்ல. தொலைநோக்கிக்குள் இப்போது என்ன இருக்கிறது என்பது எனக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். அந்தப் படத்தில் பிள்ளைகள் அளந்து பார்க்கவும் முடிய வேண்டும்.

முதல் தவறு

ஒரு நண்பரிடம் டி.எஸ்.எல்.ஆர். கேமராவை இரவல் வாங்கி வந்தேன். 24 மெகாபிக்சல் என்றார். இணைப்பு வளையம் வாங்கி, கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டுக் கேமராவை நேரடியாக மாட்டினேன். ஃபோகஸ் குமிழை முழுதாக உள்ளே திருகியும் படம் தெளியவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. இந்த வகைக் கேமராவில் சென்சார் கேமராவின் வாயிலிருந்து 44 முதல் 46 மி.மீ. வரை உள்ளே தள்ளி இருக்கிறது. கண்ணால் பார்ப்பதற்கென்று செய்த ஆடித் தொலைநோக்கிகள் பலவற்றில் குவியப் புள்ளி அவ்வளவு தூரம் வெளியே வராது. பார்லோ லென்ஸ் ஒன்றை இடையில் போட்டால் குவியம் கிடைக்கும். ஆனால் அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள கேமரா தொங்கியதும் தொலைநோக்கிக் குழாய் தானாகக் கீழே சாயத் தொடங்கியது. எதிர்ப்பக்கம் எடை கட்டிச் சமாளித்தோம்.

எனவே வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகள்: என் தொலைநோக்கியில் இந்தக் கேமராவுக்கு ஃபோகஸ் கிடைக்குமா? இதன் எடையைத் தாங்கி தாங்குமா? நான் எடுக்க நினைக்கும் பொருள் சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழும்? மூன்றாவது கேள்விக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளே விடை கண்டுபிடித்துவிடுவார்கள்.

கோபுரமும் சிறுவனும்

திருவில்லிபுத்தூர் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் ஏறத்தாழ 59 மீட்டர். ஆறரை கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்த்தால் அது எவ்வளவு உயரமாகத் தெரியுமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் வானத்தில் முழு நிலவின் அகலம். அதாவது சுமார் அரைப் பாகை. அந்தக் கோபுரத்தின் அடியில் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒரு சிறுவன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு அருகில் வரும் காலத்தில் வியாழன் அந்தச் சிறுவன் அளவுதான் தெரியும். நிலவின் அகலத்தில் நாற்பதில் ஒரு பங்கு.

இப்போது தொலைநோக்கிக்கு வருவோம். குவியத் தொலைவை 110 ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் நிலவின் அகலம் கிடைக்கும். எங்கள் தொலைநோக்கியில் 1200 ஐ 110 ஆல் வகுக்க, சுமார் 11 மி.மீ. டி.எஸ்.எல்.ஆர். சென்சார் ஏறத்தாழ 22 மி.மீ. அகலமும் 15 மி.மீ. உயரமும் உள்ளது. நிலவு முழுதாக அடங்கும். அதே இடத்தில் வியாழனின் படம் 0.26 மி.மீ. மட்டுமே. சென்சார் அகலத்தில் எண்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. 24 மெகாபிக்சல் கேமராவில் வியாழனின் குறுக்கே கிடைப்பவை சுமார் 65 புள்ளிகள். மீதி எல்லாம் கறுப்பு வானம்.

கோள்களுக்கென்று செய்யப்பட்ட சின்னக் கேமராவில் சென்சார் 4.8 மி.மீ. அகலம், 3.6 மி.மீ. உயரம் இருக்கும். 1280 × 960 புள்ளிகள், ஒரு புள்ளியின் அளவு 3.75 மைக்ரான், மொத்தம் 1.2 மெகாபிக்சல். அதில் வியாழனின் குறுக்கே 70 புள்ளிகள் கிடைக்கின்றன. இருபது மடங்கு மெகாபிக்சல் உள்ள கேமராவைவிட இது குறைவில்லை. 2 மடங்கு பார்லோ போட்டால் 140 புள்ளிகள். மெகாபிக்சல் எண்ணைப் பார்த்துக் கேமரா வாங்கக் கூடாது என்பது இதனால்தான். ஒரு புள்ளியின் அளவையும் சென்சாரின் அளவையும் பாருங்கள். ஆனால் இந்தச் சின்ன சென்சாரில் முழு நிலவு அடங்காது. பத்துப் பன்னிரண்டு படங்களாக எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும்.

எந்த வேலைக்கு எது?

முதல் கேமரா நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆசிரியரின் செல்பேசிதான். செல்பேசியைக் கண்ணருகு லென்ஸோடு பிணைக்கும் பிடிப்பான் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும். கையால் பிடித்து எடுப்பதற்கும் பிடிப்பானில் வைத்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் இதற்குச் செலவழியுங்கள். 25 மி.மீ. போன்ற குறைந்த உருப்பெருக்க லென்ஸைப் போடுங்கள். நிலவு முழுதாக அடங்கும். திரையில் நிலவைத் தொட்டு ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். வெளிச்சத்தைக் குறைத்தால்தான் பள்ளங்கள் தெரியும். மூன்று விநாடி டைமர் வைத்தால் விரல் படும் அதிர்வு வராது. பௌர்ணமியைவிட அரை நிலவு நாள் நல்லது. ஒளியும் இருளும் சேரும் கோட்டில்தான் நிழல் நீளமாக விழும்.

ஓர் எச்சரிக்கை. சில செல்பேசிகள் நிலவைக் கண்டதும் தாமாகவே படத்தைத் திருத்திக் கூர்மையாக்கிவிடும். லென்ஸ் பார்க்காத விவரத்தையும் சேர்த்துவிடக்கூடும். இதுவும் ஒரு "தெரியுது சார்"தான். அந்தக் காட்சி மேம்பாட்டு வசதியை அணைத்துவிட்டு, சாதாரண அல்லது புரோ முறையில் எடுங்கள்.

இரண்டாவது, நான் சொன்ன கோள் கேமரா. கண்ணருகு லென்ஸ் இருக்கும் இடத்திலேயே செருகிக்கொள்ளலாம். எடை மிகக் குறைவு. யு.எஸ்.பி. வடத்தில் மடிக்கணினியோடு இணைத்தால் படம் உடனே திரையில் வரும். புரொஜெக்டரையும் இணைத்தால் எண்பது பேரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். பள்ளிக்கென்று கேமராவே வாங்குவதாக இருந்தால் என் வாக்கு இதற்குத்தான். வண்ண கேமராவாக வாங்குங்கள். கறுப்பு வெள்ளைக் கேமராவில் விவரம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் வடிகட்டிகளை மாற்றி மாற்றி எடுத்துச் சேர்ப்பதற்கு வகுப்பில் நேரம் இராது.

கோளை ஒரே படமாக எடுக்காமல் காணொளியாக எடுக்க வேண்டும். வளிமண்டலம் கொதிக்கும் நீர் போல அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவு ஒரு கணம் நிற்கும்போது படம் தெளியும். விநாடிக்கு 30 படம் என்றால் ஒரு நிமிடத்தில் 1800 படங்கள். அவற்றில் தெளிவான முந்நூறு நானூறை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கும் வேலையை ஆட்டோஸ்டாக்கர்ட், ரெஜிஸ்டாக்ஸ் போன்ற மென்பொருள்கள் செய்கின்றன. இரண்டும் இலவசம். மோட்டார் இல்லாத தொலைநோக்கியிலும் இது முடியும். பார்லோ இல்லாமல் எங்கள் கேமராவின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு வியாழன் நகர 55 விநாடி ஆகிறது. அந்த 55 விநாடிக் காணொளியே போதும்.

மூன்றாவது டி.எஸ்.எல்.ஆர். அல்லது மிரர்லெஸ் கேமரா. இதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழு நிலவு, கிரகணம், விண்மீன் குழுக்கள் ஆகியவற்றுக்கு இதுதான் ஏற்றது. விண்மீன் குழுக்களுக்குத் தொலைநோக்கியே தேவையில்லை. கேமராவோடு வரும் 18 மி.மீ. லென்ஸோடு முக்காலியில் வைத்து 15 விநாடி திறந்து வைத்தால் மேற்குமலைக்கு மேலே ஓரியன் வந்துவிடும். விழாப் படம் எடுக்கவும் பயன்படும். யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்குங்கள், தொலைநோக்கிக்காக மட்டும் புதிதாக வாங்க வேண்டாம்.

நான்காவது, ஆழ்வான் படங்களுக்கான குளிரூட்டப்பட்ட கேமரா. இணையத்தில் நாம் பார்க்கும் வண்ண வண்ண நெபுலாப் படங்களில் பல இதில் எடுத்தவைதான். அதற்குப் பல நிமிடங்கள், சில நேரம் பல மணி நேரம் ஒளியைச் சேகரிக்க வேண்டும். மோட்டார் இல்லாத தொலைநோக்கியில் ஒரு விநாடி திறந்து வைத்தாலே விண்மீன் இருபது புள்ளிகளுக்கு மேல் இழுபட்டுக் கோடாகிவிடும். அங்கே கேமராவைவிட அதைச் சுமந்து வானத்தோடு சீராகச் சுழலும் தாங்கிக்குத்தான் செலவு அதிகம். பள்ளி அளவில் இதை விட்டுவிடலாம்.

சூரியனைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தொலைநோக்கியின் முன்வாயை முழுவதும் மூடும் முறையான சூரிய வடிகட்டி இல்லாமல் கண்ணோ கேமராவோ சூரியன் பக்கம் திரும்பக் கூடாது. கண்ணருகு லென்ஸில் திருகும் சின்ன வடிகட்டிகள் வெப்பத்தில் உடையும். அவை உங்களிடம் இருந்தால் குப்பையில் போடுங்கள். கேமரா போனால் இன்னொன்று வாங்கலாம்.

படம் எதற்கு?

நம் மலைத்தொடரின் இன்னொரு பக்கத்தில் கொடைக்கானல் இருக்கிறது. அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் வானம் தெளிந்த நாள்களில் எல்லாம் சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். பல பத்தாண்டுகளாக அந்தப் பணிக்குப் பயன்பட்ட லென்ஸின் விட்டம் 15 செ.மீ. நம் பள்ளித் தொலைநோக்கியின் அதே 6 அங்குலம். படங்கள் கண்ணாடித் தட்டுகளில் எடுக்கப்பட்டன. இன்று இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றை எண்ணிமமாக்கி வைத்திருக்கிறது. உலகின் ஆய்வாளர்கள் அவற்றிலிருந்து நூறாண்டுச் சூரியப் புள்ளிகளை அளக்கிறார்கள். ஒவ்வொரு படமும் அழகாக இருப்பதால் அல்ல. ஒரே முறையில், தேதியும் நேரமும் குறித்து எடுக்கப்பட்டதால்தான் அவற்றுக்கு மதிப்பு.

அதே போல, திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ள காவலூர் ஆய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் அவர்கள் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் வைக்கப்பட்டது. சிறுகோள் படத்தில் வெறும் புள்ளிதான். அசையாத விண்மீன்களுக்கு நடுவே அது மட்டும் இடம் மாறும். ஒரு படத்தை இன்னொரு படத்தோடு ஒப்பிட்டால்தான் அது தெரியும்.

இதை நம் பிள்ளைகளும் செய்யலாம். நிலவுப் படத்தில் கோப்பர்நிக்கஸ் என்ற பள்ளத்தை அளந்தோம். படத்தில் நிலவின் முழு விட்டம் 1200 புள்ளிகள், உண்மை விட்டம் 3474 கி.மீ. அப்படியானால் ஒரு புள்ளி 2.9 கி.மீ. பள்ளத்தின் குறுக்கே 32 புள்ளிகள். விடை 93 கி.மீ. ஒரு பிள்ளைக்கு 87 வந்தது, இன்னொருவருக்கு 99. யார் தவறு என்று சண்டை வந்தது. பள்ளத்தின் விளிம்பு எது என்று ஒவ்வொருவரும் வேறு வேறாக எடுத்திருக்கிறார்கள் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். பிழை என்ற பாடம் அன்று யாரும் நடத்தாமலே நடந்தது.

வியாழனின் நான்கு நிலாக்களை அடுத்தடுத்த இரவுகளில் எடுங்கள். நிலாக்கள் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வைத்தால் வியாழன் வெள்ளையாகிவிடும். பரவாயில்லை, இந்தப் படம் அதற்குத்தான். வியாழனின் பட்டைகளுக்கு வேறு படம் எடுத்துக்கொள்ளலாம். ஐயோ ஒன்றே முக்கால் நாளில் ஒருமுறை சுற்றுகிறது. கேனிமீட் ஏழு நாளுக்குச் சற்று மேல். பிள்ளைகள் வரைபடத் தாளில் குறித்த பிறகு, ஸ்டெல்லேரியம் மென்பொருளில் சரிபார்க்கச் சொல்லுங்கள். முதலில் அளவு, பிறகுதான் விடை.

எங்கள் வரிசை முறை

இப்போது எங்கள் பள்ளியில் நிகழ்ச்சி நடக்கும்போது வரிசை இப்படி: முதலில் கண், பிறகு தாள், கடைசியில் திரை. பிள்ளை தொலைநோக்கியில் பார்க்கிறது. தனியாகப் போய்த் தாளில் போட்ட வட்டத்துக்குள் பார்த்ததை வரைகிறது. ஒன்றும் தெரியவில்லை என்றால் "ஒன்றும் தெரியவில்லை" என்று எழுத வேண்டும். அதற்கும் முழு மதிப்பெண். எல்லோரும் வரைந்த பிறகே கேமராவை மாட்டித் திரையைப் போடுகிறோம். முதலிலேயே திரையைப் போட்டால், பிள்ளைகள் திரையில் கண்டதை வரைந்துவிடுவார்கள். திரை வெளிச்சத்தில் கண்ணும் இருட்டுக்குப் பழகாது.

முக்காலியில் ஏற முடியாத அந்த மாணவர் இப்போது மடிக்கணினியில் இருக்கிறார். காணொளியைத் தொடங்குவதும் நிறுத்துவதும் நேரத்தைக் குறிப்பதும் அவர் வேலை. "சார், நகருது, இடது பக்கம் தள்ளுங்க" என்று சத்தம் போடுவதும் அவர்தான். படத்தில் திசை தலைகீழாக இருக்கும் என்பதை எனக்கு முன்பே பழகிவிட்டார்.

"கருப்பாத்தான் இருக்கு" என்று சொன்ன மாணவியிடம், மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்டேன். நீ சொன்னதுதான் சரி, தவறு என்னுடையது என்று சொன்னேன். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அடுத்த நிகழ்ச்சியில் வந்த தாள்களில் ஒன்பதில் "தெரியவில்லை" என்று எழுதியிருந்தது. முதல் முறை அவள் மட்டுமே சொன்ன பதில் அது. அந்த ஒன்பது பேரையும் திரும்ப அழைத்துக் காட்டினோம்.

ஆகவே நண்பர்களே, என் பரிந்துரை இதுதான். இந்த மாதம் செல்பேசிப் பிடிப்பான் ஒன்று வாங்குங்கள். அதில் ஒரு பருவம் நிலவை எடுங்கள், அளக்கச் செய்யுங்கள். பிள்ளைகள் "வியாழனை இன்னும் பெரிதாகப் பார்க்க வேண்டும்" என்று கேட்கத் தொடங்கிய பிறகு கோள் கேமராவைப் பற்றி யோசியுங்கள். வானவில் மன்றச் செயல்பாடுகளோடும் இதை இணைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் தேதி, நேரம், தொலைநோக்கி, எடுத்த பிள்ளையின் வகுப்பு ஆகியவற்றை எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் பிள்ளைகளுக்கு அது பாடப்பொருளாகும்.

வரும் தை, மாசி மாத இரவுகளில் எங்கள் பள்ளிக்கு வாருங்கள். உங்கள் தொலைநோக்கியையும் எடுத்து வாருங்கள். எந்தக் கேமராவுக்கு ஃபோகஸ் கிடைக்கிறது என்று மாட்டிப் பார்த்தே முடிவு செய்வோம்.